சிறு வணிகரும் கடல் வாணிகமும்

தமிழர் கடல் கடந்து வாணிகம் செய்தவர் என்பதைச் சங்க மேடைகளில் பலகாலும் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பூம்புகாரும் கொற்கையும் முசிறியும் பேச்சாளர் நாவில் நடமாடாத ஆண்டு விழா இல்லை. ஆயின் அப்பழம்பெருமையைப் போற்றுங்கால் ஒரு சிறு கேள்வியை நாம் கேட்பதில்லை. கரையில் நிற்கும் வணிகன் தன் சரக்கை மரக்கலத்தில் ஏற்றி அனுப்பிவிட்டான். அதன் விலை அவன் கைக்கு வந்து சேரப் பல திங்கள் ஆகும். அதுவரையில் வீட்டில் உலை வைப்பதற்கும், நெசவாளிக்குக் கூலி கொடுப்பதற்கும், அடுத்த சரக்கை வாங்குவதற்கும் பணம் ஏது? கலம் கவிழ்ந்தாலோ, வாங்கியவன் கையை விரித்தாலோ, அந்த நட்டம் யார் தலையில் விழும்?

பெருவணிகனுக்கு இஃது அத்துணைப் பெரிய கேள்வி அன்று. ஒரு கலம் போனாலும் மற்றொன்று வந்து சேரும். சிறு வணிகனுக்கோ இருப்பது ஒரே கலம். அன்றி, பிறர் கலத்தில் ஏற்றிய நான்கு மூட்டை. ஆகவே ஏற்றுமதியின் வரலாறு என்பது, சரக்குப் போகும் நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை யார் தாங்கினார்கள் என்னும் வரலாறே ஆகும். தாங்குவார் இருந்த காலத்தில் சிறியவனும் கடல் கடந்தான். தாங்குவார் இல்லாத காலத்தில், தானே தாங்க வல்ல செல்வனிடமே ஊதியமும் போய்ச் சேர்ந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம். நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகருக்கும் அதில் சிறந்ததோர் இடம் உண்டு.

வியன்னாவில் ஒரு முசிறிப் பத்திரம்

ஆஸ்திரிய நாட்டுத் தலைநகரான வியன்னாவிலுள்ள தேசிய நூலகத்தில், பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பழைய ஏடு ஒன்று இருக்கிறது. கிழிந்து குறைந்து கிடைத்த அதனை 1985ஆம் ஆண்டில் அறிஞர்கள் படித்து வெளியிட்டனர். அது கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம் ஒன்றின் பகுதி உளது. சேர நாட்டு முசிறியுடன் செய்த வாணிகத்தின் பொருட்டு வாங்கிய கடன் அதில் குறிக்கப்படுகிறது. மறுபக்கத்தில் ‘ஹெர்மாபோலோன்’ என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. கங்கைக் கரையின் சடாமாஞ்சிலும் யானைத் தந்தமும் அக்கணக்கில் இடம்பெறுகின்றன. சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன்மேல் நூற்றுக்கு 25 வீதம் சுங்கம் வேறு.

அப்பத்திரத்தின் நிபந்தனைகள் இன்றைய வங்கி அதிகாரியையும் தலையசைக்க வைக்கும். செங்கடல் துறையில் இறங்கும் சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, காவலுடன் பாலைவனம் கடத்தி, நைல் ஆற்றின் வழியாக அலெக்ஸாண்டிரியா நகருக்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். வழியிலுள்ள கிடங்குகளிலும், இறுதியில் அந்நகரிலும், கடன் கொடுத்தவருடைய முத்திரையின் கீழ்ச் சரக்கு இருத்தல் வேண்டும். குறித்த காலத்தில் கடன் தீராவிடில் கொடுத்தவர் சரக்கையே எடுத்துக்கொள்ளலாம். போகும் சரக்கே கடனுக்கு ஈடு என்பது இதன் பொருள். இன்று வங்கி கப்பல் சரக்குச் சீட்டைத் தன் பெயருக்கு வாங்கி வைத்துக்கொண்டு பணம் தருவதும் அந்த முறையே. கருவி மாறியது, கருத்து மாறவில்லை.

ஆனால் இவ்வளவு பெருந்தொகையைக் கடனாகப் பெறக் கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? சிறியவருக்கு வேறொரு வழி வேண்டியிருந்தது.

கூட்டமும் கோலும்

அவ்வழியை நம் நாட்டு வணிகர் கண்டனர். கூடி நிற்பதே அது. மணிக்கிராமம், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுக்களின் பெயர்களைக் கல்வெட்டுக்களில் காண்கிறோம். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் ஒன்றை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்ததைக் கூறுகிறது. சுமத்ரா தீவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவருடையது. அங்கு வரும் மரக்கலத் தலைவர் முதலானோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னில் கட்டணம் செலுத்திய பின்னரே உள்ளே வருதல் வேண்டும் என்று அது விதிக்கிறது.

குடிநீர்க் குளம், காவல், துறைமுக விதி, பொதுப் பணம் ஆகிய இவை யாவும் தனி ஒருவனால் அயல்நாட்டில் அமைத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. நான்கு மூட்டையுடன் சென்றவனும் குழுவின் பெயரால் அங்கே கால் ஊன்ற முடிந்தது. பெயர் தெரியாத ஒருவனை அயலார் நம்பவேண்டியதில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தை நம்பினால் போதும்.

கூட்டத்தோடு அரசின் கோலும் துணை நின்றால்தான் வாணிகம் தழைக்கும். ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதிய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டை ஒட்டிப் பொறித்த அபய சாசனம் இதற்குத் தக்க சான்று. புயலில் சிக்கிக் கரையில் உடைந்த கலங்களின் பொருள்களை முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டனர் என்று அச்சாசனம் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. இனி அவ்வாறு செய்யோம், உரிய சுங்கம் ஒன்றையே கொள்வோம் என்று உறுதி தருகிறது. அச்சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கருப்பூரம், முத்து, பட்டு, மிளகு முதலிய சரக்குகளுக்குத் தீர்வை வகுத்துக் கூறுகிறது. சாசனத்தின் பெயரே அபயம் என்பதை நினைத்தல் தகும். வணிகன் அரசனிடம் வேண்டியது பொன் அன்று. அஞ்சாமல் கலம் செலுத்தும் உறுதியே.

உண்டியலும் அதன் எல்லையும்

பிற்காலத்தில் இந்த இடைவெளியைத் தாங்கியவர்களுள் நாட்டுக்கோட்டை நகரத்தார் தலைசிறந்தவர். அவர்கள் கையாண்ட உண்டியல் ஒரு சிறு தாள். பார்த்தவுடன் பணம் தரவேண்டிய உண்டியலும் உண்டு. தவணை கழித்துத் தரவேண்டியதும் உண்டு. ஓர் ஊரில் கொடுத்த பணத்தைக் கடலுக்கு அப்பால் மற்றோர் ஊரில் பெற்றுக்கொள்ள அத்தாள் போதும். ரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தனர். தெய்வ சந்நிதியும் வட்டி விகிதமும் ஓரிடத்தில் கூடியது சிலருக்கு வியப்பாகலாம். வாக்குத் தவறாமையே முதலாக நடந்த தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

1852ஆம் ஆண்டில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மாவின் சதுப்பு நிலங்கள் நெல் வயல்களாயின. அரிசி ஏற்றுமதியில் பர்மா உலகில் முன்னணியில் நின்றது. அவ்வயல்களுக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி நகரத்தார் கிட்டங்கிகளிலிருந்து சென்றது. ஆயின் அரிசியைக் குத்திக் கப்பலேற்றும் தொழில் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில் இருந்தது. உழவனுக்குக் கொடுத்த கடனின் இடர் ஒருபுறம், ஏற்றுமதியின் ஊதியம் மற்றொருபுறம் என்று பிரிந்து நின்றன.

1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்பித் தர உழவரால் இயலவில்லை. நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 வீதம் இருந்த நகரத்தார் நிலம், 1937ஐ ஒட்டி நூற்றுக்கு 25 அளவுக்கு உயர்ந்தது. நிலத்தை இழந்த பர்மிய உழவர் மனம் கசந்ததில் வியப்பில்லை. நிலத்தை விரும்பாமலே ஏற்றவரும் அதனால் வாழவில்லை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, பின்னர் விடுதலை பெற்ற பர்மாவின் நிலச் சட்டங்கள், எல்லாம் போயிற்று. நம்பிக்கை எத்துணை உறுதியாயினும், உலகச் சந்தை முழுதும் சரியும்போது அதனை ஒரு சமூகம் மட்டும் தாங்க இயலாது என்பதே இதன் பாடம். உழவனையும் காக்கவில்லை, கொடுத்தவனையும் காக்கவில்லை.

வங்கியின் கதவு

ஆங்கில ஆட்சியில் இந்தியாவின் அயல்நாட்டுச் செலாவணித் தொழில் இலண்டனைச் சார்ந்த ‘எக்ஸ்சேஞ்சு’ வங்கிகளிடம் இருந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மாகாண வங்கிகள் அத்தொழிலில் இறங்க 1876ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அம்மூன்றையும் இணைத்து 1921இல் தோன்றிய இம்பீரியல் வங்கிக்கும் 1934ஆம் ஆண்டுத் திருத்தம் வரையில் அத்தடை நீடித்தது. பம்பாயிலோ சென்னையிலோ இருந்த சிறு வணிகன், அயல்நாட்டிற்குத் துணி அனுப்ப விரும்பினால், தன்னை அறியாத அயலவர் வங்கியின் வாசலில் நிற்கவேண்டும்; அன்றேல் பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்கு உள்ளூர் விலைக்கே விற்றுவிடவேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதையே செய்தனர்.

இந்நிலையில், அயல்நாட்டுச் செலாவணித் தொழிலையே குறிக்கோளாகக் கொண்டு எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். சென்னை, காரைக்குடி, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அது திறக்கப்பெற்றது. உண்டியல் கண்ட மரபே இங்கு வங்கியாக உருவெடுத்தது என்று கூறுதல் மிகையாகாது. அவ்வங்கி 1969இல் நாட்டுடைமையாயிற்று.

பம்பாயில் பிறந்த புதிய அபயம்

வங்கியின் கதவு திறந்தபின்னும் ஓர் அச்சம் எஞ்சி நின்றது. கப்பல் கவிழ்ந்தால் கடல் காப்புறுதி இழப்பைத் தரும். கப்பல் நலமே போய்ச் சேர்ந்து, சரக்கை எடுத்துக்கொண்டவன் திவாலானால் யார் தருவார்? அவன் பணம் கட்டியும், அவன் நாட்டு அரசு அப்பணத்தை வெளியே விடாவிட்டால் என் செய்வது? இவ்விரு இடர்களுக்கும் அரசே காப்புறுதி தரும் முறையை இங்கிலாந்து 1919இல் தொடங்கியது. இந்தியாவில் அந்நியச் செலாவணி பெரிதும் குறைந்துவந்த 1957ஆம் ஆண்டில், ஜூலை 30ஆம் நாள், பம்பாயில் ஏற்றுமதி இடர் காப்புறுதிக் கார்ப்பரேஷன் தோன்றியது. 1964இல் அதன் பணி விரிந்து, பெயரும் மாறியது. ‘இ.சி.ஜி.சி.’ என்று இன்று வணிகர் வழங்கும் நிறுவனம் அதுவே. 2014 முதல் அதுவே சட்டப்படியான பெயருமாயிற்று.

அதன் வேலை எளிதில் விளங்கத் தக்கது. ஏற்றுமதியாளர் சிறு தொகையைக் காப்புறுதிக் கட்டணமாகச் செலுத்துகிறார். வாங்குபவரின் நிலையை நிறுவனம் ஆராய்ந்து, இன்ன அளவு வரை அவருக்குக் கடனாகச் சரக்கு அனுப்பலாம் என்று வரம்பு கூறுகிறது. பணம் வாராதொழியின் இழப்பின் பெரும்பகுதியைத் தருகிறது. பொதுவாக ஒரு பங்கை ஏற்றுமதியாளரும் தாங்கவேண்டும். தம் பொறுப்பை மறவாதிருக்க அது நல்லதே. இதனினும் சிறந்த பணி ஒன்று உண்டு. ஏற்றுமதியாளருக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கும் அந்நிறுவனம் காப்பு அளிக்கிறது. நிலமோ வீடோ ஈடாக வைக்க இயலாத சிறு உற்பத்தியாளருக்கு வங்கி துணிந்து பணம் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்கடனுக்குத் தொழிலில் ‘பேக்கிங் கிரெடிட்’ என்று பெயர். அயல்நாட்டு ஆர்டரைக் காட்டினால், சரக்கு கப்பலேறுமுன்பே நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் வங்கி முன்பணம் தரும். ரிசர்வ் வங்கி 1967இல் இதனை ஒழுங்குபட்ட திட்டமாக்கியது. 1982இல் இந்நகரிலேயே எக்ஸிம் வங்கி தன் பணியைத் தொடங்கியது. 1990இல் சிறு தொழில்களுக்கென சிட்பி வங்கி தோன்றியது. மோட்டுப்பள்ளியில் மன்னன் கல்லில் பொறித்த அபயத்தைக் குடியரசு தாளில் அச்சிட்டுத் தந்தது எனலாம்.

திருப்பூர் கண்ட வழி

இவை எல்லாம் யாருக்குப் பயன்பட்டன என்பதற்குத் திருப்பூரே சான்று. 1920களில் பனியன் தொழில் தொடங்கிய அவ்வூர், நெடுங்காலம் உள்நாட்டுச் சந்தைக்கே உழைத்தது. அதன் சரக்கு அயல்நாடு சென்றபோதும் பம்பாய் வணிகர் வழியாகவே சென்றது. 1978இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் பம்பாய் ஏற்றுமதியாளர் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளைப் பனியன் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 1981இல் ஐரோப்பியக் கடைத்தொகுதியான சி அண்டு ஏ நிறுவனம் வந்தது. பின்னர் திருப்பூரார் தாமே நேரில் ஆர்டர் பெறக் கற்றனர். 1990இல் தங்களுக்கெனச் சங்கம் அமைத்தனர். பழைய ஐந்நூற்றுவரைப் போலக் கூடி நின்று பேசினர்.

நேரில் விற்பது என்றால் இடர்களையும் நேரில் ஏற்பது என்று பொருள். முன்பு பம்பாய் வணிகர் இலாபத்தில் பெரும்பங்கு கொண்டார் என்று குறை கூறுவார் உளர். அவர் வாங்குபவரைத் தேடினார், கடன் கொடுத்தார், காத்திருந்தார், வாராத பணத்தைத் தாங்கினார் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். வங்கியும் காப்புறுதியும் அவ்வேலையை ஏற்றபின்னரே பவர்டேபிள் பத்து வைத்திருந்தவரும் ஏற்றுமதியாளராக முடிந்தது.

எனினும் இவ்வேற்பாட்டிற்கு எல்லைகள் உள. சரக்கின் தரம் பற்றி வாங்குபவர் வழக்குரைத்தால், அவ்வழக்குத் தீரும்வரை காப்புறுதி பொதுவாகத் துணை வாராது. ‘மெட்ராஸ்’ துணி பற்றி வணிகருலகில் வழங்கும் செய்தி ஒன்று உண்டு. 1958இல் அமெரிக்க வணிகர் ஒருவர் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் சென்னைக் கைத்தறித் துணி வாங்கினார். குளிர்ந்த நீரில் தனியே துவைக்கவேண்டும் என்ற எச்சரிக்கை அங்கே வாடிக்கையாளரைச் சென்று சேரவில்லை. சாயம் ஒழுகியது, வழக்கு மிரட்டல் எழுந்தது. இறுதியில் சாயம் ஒழுகுவதே இத்துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்து தப்பினர் என்பர். எல்லார்க்கும் அத்தகைய நல்லூழ் வாய்ப்பதில்லை. ஆர்டரில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் காப்புறுதிக்கு முந்திய காப்பு என்பதை உணர்தல் வேண்டும்.

மற்றோர் எல்லை இதனினும் வருந்தத்தக்கது. திருப்பூரில் ஒரு சட்டை முடிவதற்குள் நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயனிங் என்று பல கைகள் மாறுகிறது. இவற்றுட் பல தனித்தனிச் சிறு பட்டறைகள். ஏற்றுமதியாளருக்குக் கடனுக்கு வேலை செய்பவை. 2020இல் பெருநோய் பரவியபோது மேல்நாட்டுக் கடைகள் பல ஆர்டர்களை இரத்துச் செய்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் நூற்றுக்கு 50 வரை வரி விதித்தது. அத்தகைய காலங்களில் ஏற்றுமதியாளருக்கு வங்கியேனும் காப்புறுதியேனும் ஒரு வாசல் உண்டு. காஜா பட்டன் பட்டறைக்காரருக்கு எது வாசல்? சிறு தொழிலுக்குரிய தொகையை அதிகம் போனால் 45 நாட்களுக்குள் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆயின் அடுத்த ஆர்டரும் அதே கையிலிருந்துதான் வரவேண்டும் என்னும்போது, சட்டத்தைச் சுட்டிப் பேச எளியவருக்கு வாய் எழுவதில்லை. இடைவெளியைத் தாங்கும் அபயம் கடைசிக் கை வரையில் சென்று சேர்ந்தாலன்றி இவ்வரலாறு நிறைவு பெற்றதாகாது.

நமக்கு உரிய பணி

இதனை ஆண்டு மலரில் எழுதக் காரணம் உண்டு. ஆங்கிலமும் தட்டெழுத்தும் கணக்கும் கற்று இந்நகருக்கு வந்த நம் முன்னைத் தலைமுறையினர் பலர் வங்கிகளிலும் துறைமுகத்திலும் ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் பணி புரிந்தனர். பிறர் சரக்குக்குக் கடனுறுதிக் கடிதமும் சரக்குச் சீட்டும் பிழையின்றித் தட்டச்சு செய்து கொடுத்தவர் அவர்கள். அதே நகரில் தாராவியில் தோற்பை தைத்தவரும், அப்பளமும் ஊறுகாயும் இட்டு விற்ற நம் மகளிரும், தம் சரக்குக் கடல் கடக்கலாம் என்பதை அறியாமலே இடைத்தரகருக்குக் கொடுத்துவந்தனர். அறிவு ஒரு தெருவிலும் சரக்கு அடுத்த தெருவிலும் இருந்தன. இரண்டும் சந்திக்கவில்லை.

சந்திக்க வைப்பது சங்கத்தால் ஆகும். ஆண்டில் சில மாலைப்பொழுதுகள் போதும். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறுவது எங்ஙனம், முதல் ஆர்டரைச் சிறிதாக ஏற்பது ஏன், வாங்குபவரைப் பற்றி விசாரிப்பது யாரிடம், காப்புறுதி எடுக்கும் முறை யாது என்பவற்றை, பணி ஓய்வு பெற்ற நம் வங்கி அன்பர்களைவிட நன்றாகச் சொல்ல வல்லார் யார்? 2022 முதல் அஞ்சல் துறை பல அஞ்சலகங்களில் ஏற்றுமதி மையங்களை அமைத்து, சிறு பொதிகளும் அயல்நாடு செல்ல வழி செய்திருக்கிறது. ஒரு பொதியில் தொடங்குவோர்க்கும் இன்று இடம் உண்டு.

பாரூஸில் கல் நட்ட ஐந்நூற்றுவர் பெருஞ்செல்வரால் மட்டும் ஆகிய கூட்டத்தார் அல்லர். கூடி நின்றதனால் பெரியோரானவர்கள். அவ்வாறு கூடுவதற்கே நாமும் சங்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பாட்டும் நாடகமும் பட்டிமன்றமும் நம் கூட்டத்திற்கு அழகு செய்யட்டும். அவற்றோடு, கடன் வாங்கித் தொழில் தொடங்கி, முதல் சரக்கை அனுப்பிவிட்டுப் பணம் வரும் நாளை எண்ணி உறக்கமின்றி இருக்கும் நம் காலனிச் சகோதரர்க்கும் சகோதரிக்கும் அருகில் நிற்பதும் சங்கப் பணியே ஆகுக.